மாமாவைக் கேளுங்கள்: பன்னிரண்டு பேர் கையில் ஓர் உயிர்

சென்ற இதழில் அமெரிக்க ஜூரியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவைத்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் நாட்டில் பாதிப் பேர் வக்கீல், மீதிப் பேர் கட்சிக்காரர் என்று தெரிகிறது. தள்ளாமல் வரிசையில் வாருங்கள்.

கே: புத்தி சுவாதீனம் இல்லாதவர் கொலை செய்தால் குற்றமில்லை என்று சட்டம் போட்ட புண்ணியவான் யார் மாமா? (சட்டக் கல்லூரி மாணவி, செங்கல்பட்டு)

ப: ஆள்மாறாட்டத்தில் பிறந்த சட்டம் அம்மா அது. 1843 ஜனவரி, லண்டன். டேனியல் மெக்நாட்டன் என்ற மரக்கடைசல்காரர், பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய அந்தரங்கச் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுவிட்டார். ஆளுங்கட்சி தன்னைத் துரத்தித் துரத்தி வதைக்கிறது என்பது அவருடைய மனப்பிரமை. (அப்படி நினைப்பவர் எல்லாருமே நோயாளி இல்லை, அது வேறு கதை.)

ஜூரி அவரை விடுவித்தது. விக்டோரியா மகாராணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. 1840-இல் அவரையே சுட்ட எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்டும் இதே வாசல் வழியாகத்தான் தூக்கிலிருந்து தப்பியிருந்தான். பிரபுக்கள் சபை நீதிபதிகளை வரவழைத்துக் கேள்வி கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதி: மனநோயால், தான் செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ அறியாதவன் குற்றவாளி அல்ல.

அந்த விதியை அவருக்கே போட்டுப் பார்த்திருந்தால் மெக்நாட்டன் ஃபெயில் ஆகியிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு.

கே: வெள்ளைக்காரன் கதை நமக்கெதுக்கு? (டீக்கடை பெஞ்சு, போடி)

ப: 1860-இல் அதைத்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக வைத்தார்கள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு. பெயரும் நம்பரும் புதுசு, சரக்கு 1843.

கே: கொன்றுவிட்டு 'எனக்குப் புத்தி சரியில்லை' என்று நடித்துத் தப்பலாமே? (பெயர் போட வேண்டாம், சேலம்)

ப: பெயர் போடாததிலேயே உங்கள் புத்தி தெளிவு தெரிகிறது.

நடித்துப் பார்த்தவர் கென்னத் பியான்கி. லாஸ் ஏஞ்சலஸில் பெண்களைத் தொடர்ச்சியாகக் கொன்ற வழக்கில் வந்தவர். 'கொன்றது நானில்லை, எனக்குள் இருக்கும் ஸ்டீவ்' என்றார். பரிசோதிக்க வந்த மார்ட்டின் ஓர்ன், உண்மையான நோயாளிகளிடம் இரண்டே ஆளுமையோடு நிற்பது அபூர்வம் என்று போகிறபோக்கில் ஒரு தூண்டிலைப் போட்டார். சற்று நேரத்தில் மூன்றாவது ஆள் ஆஜர்! வேஷம் கலைந்தது. மரண தண்டனைக்குப் பயந்து 1979-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

1991-இல் எட்டு அமெரிக்க மாநிலங்களில் கணக்கெடுத்தார்கள். பெரிய குற்ற வழக்குகளில் இந்த வாதத்தை எடுப்பவர் நூற்றில் ஒருவர். எடுத்தவரில் ஜெயிப்பது சுமார் நான்கில் ஒருவர். இதைவிட அலிபி தேடுவது நல்லது.

கே: 'அந்நியன்' மாதிரி நிஜத்தில் யாராவது? (விக்ரம் ரசிகர், மதுரை)

ப: ஓஹையோவில் பில்லி மில்லிகன். 1978-இல் பல ஆளுமை நோயைக் காரணமாகக் காட்டி விடுதலை ஆனவர். அவருக்குள் மருத்துவர்கள் எண்ணிய ஆட்கள் 24 பேர். ஷங்கர் மூன்றோடு நிறுத்தியது தயாரிப்பாளர் செய்த புண்ணியம்.

கே: அமெரிக்கா முழுக்க மெக்நாட்டன் விதிதானா? (ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா, தஞ்சாவூர்)

ப: மாநிலத்துக்கு ஒரு சமையல். 1954-இல் வாஷிங்டன் நீதிபதி டேவிட் பேஸலான் 'மனநோயால் விளைந்த செயலா, அப்படியானால் குற்றமில்லை' என்று வாசலை அகலத் திறந்தார். தீர்ப்பை டாக்டர்களே எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று பயந்து, 1972-இல் அதே கோர்ட் அதை மூடியது. கன்சாஸ், மொன்டானா, ஐடஹோ, யூட்டா மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் இந்த வாதத்தையே எடுத்துவிட்டன.

கன்சாஸில் மனைவி, இரண்டு மகள்கள், மனைவியின் பாட்டி என நால்வரைக் கொன்று மரண தண்டனை பெற்ற கேலர், 'இந்த வாதமே கூடாது என்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம்' என்று உச்ச நீதிமன்றம் போனார். 2020-இல் ஆறுக்கு மூன்று என்று தோற்றார். எதிர்த்து எழுதிய நீதிபதி பிரையர் ஒரு கணக்குப் போட்டார். ஒருவன், எதிரே நிற்கும் மனிதனை நாய் என்று நினைத்துச் சுடுகிறான். இன்னொருவன், நாய் உத்தரவு போட்டதாக நம்பி மனிதனைச் சுடுகிறான். இரண்டு பேருக்கும் ஒரே நோய். கன்சாஸில் முதல் ஆளுக்கு விடுதலை, இரண்டாம் ஆளுக்குத் தண்டனை.

ஆகவே கன்சாஸில் நாயின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கே: நிரூபிக்க வேண்டியது யார்? அரசா, ஆளா? (ஆசிரியை, விருதுநகர்)

ப: ஊருக்கு ஊர் மாறும். ஓரிகன் மாநிலம் ஒரு காலத்தில், 'நீ சித்தம் கலங்கியவன் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நீயே நிரூபி' என்றது. ஒரு மரண தண்டனை வழக்கில் 1952-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு 'சரி' சொன்னது. கலங்கிய சித்தத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தெளிவாக வாதாட வேண்டும்!

கொலராடோ நேர்மாறு. அங்கே ஆள் தெளிவாகத்தான் இருந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். 2012-இல் அரோரா சினிமா தியேட்டரில் 12 பேரைக் கொன்ற ஜேம்ஸ் ஹோம்ஸ் வழக்கில் அரசு அதை நிரூபித்தது. ஆனாலும் தண்டனைக் கட்டத்தில் ஒரே ஒரு ஜூரர் மசியவில்லை. உயிர் தப்பியது, ஆயுள் சிறை.

கே: ஜூரியில் உட்காருபவர் பஸ் டிரைவர், கடைக்காரர். அவர்களுக்கு எப்படிச் சட்டம் தெரியும்? (கண்டக்டர், விழுப்புரம்)

ப: கண்டக்டர் டிரைவரை இப்படியா விட்டுக்கொடுப்பது?

சாட்சி, வாதம் எல்லாம் முடிந்ததும் நீதிபதி சட்டத்தை வாசித்துக் காட்டுவார். அதற்கு வழிகாட்டுரை என்று பெயர். வாசித்து முடிக்கும்போது வழி கேட்டவரை முச்சந்தியில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். 1990-களில், மரண தண்டனை வழக்குகளில் உட்கார்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜூரர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார்கள். கொலை இன்னின்ன விதத்தில் கொடூரம் என்று முடிவானாலே மரண தண்டனை கொடுத்தாக வேண்டும் என்று தப்பாக நினைத்தவர் நிறையப் பேர். சட்டம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

கே: புரியவில்லை என்றால் ஜூரி திருப்பிக் கேட்கக் கூடாதா? (மேற்படி கண்டக்டர்)

ப: கேட்டார்களே. வர்ஜீனியாவில் லோனி வீக்ஸ் வழக்கு. 'இந்தக் கொடூரம் நிரூபணமானால் மரண தண்டனை கொடுப்பது எங்கள் கடமையா, அல்லது யோசித்து ஆயுளும் கொடுக்கலாமா?' என்று சீட்டு அனுப்பினார்கள். 'ஆயுளும் கொடுக்கலாம்' என்று ஒரு வரி போதும். நீதிபதி என்ன சொன்னார்? உங்களிடம் இருக்கும் இரண்டாம் எண் உரையின் இரண்டாம் பத்தியைப் பாருங்கள் என்றார். அதைப் படித்துப் புரியாமல்தானே கேட்டார்கள்!

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மரண தண்டனை. ஒவ்வொருவராக எழுந்து ஆமோதித்தபோது பெரும்பாலான ஜூரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். 2000-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று 'அந்தப் பதில் போதும்' என்றது. அதே ஆண்டு தண்டனை நிறைவேறியது.

இதில் ஜோக் எழுத மாமாவுக்குக் கை வரவில்லை. அடுத்த கடிதம்.

கே: நீதிபதி வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதும் உண்டா? (வழக்கறிஞர், நாகர்கோவில்)

ப: உங்களுக்குத் தெரியாததா? சும்மா என் வாயைக் கிளறுகிறீர்கள்.

தென் கரோலினாவில் சிம்மன்ஸ் வழக்கு. 'இவன் வெளியே வந்தால் ஆபத்து' என்று அரசு வக்கீல் முழங்கினார். ஆயுள் கொடுத்தால் அவர் சாகும்வரை வெளியே வரவே முடியாது என்பதுதான் சட்டம். அது ஜூரிக்குத் தெரியாது. 'ஆயுள் என்றால் பாதியில் விட்டுவிடுவார்களா?' என்று கேட்டார்கள். அதை நினைத்துப் பார்க்காதீர்கள், ஆயுளுக்கு வழக்கமான அர்த்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. 25 நிமிடத்தில் மரண தண்டனை. 1994-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: ஆபத்தானவன் என்று வாதாடினால், வெளியே வர முடியாது என்பதையும் ஜூரிக்குச் சொல்லியாக வேண்டும்.

கவனியுங்கள், அதே 1994-இல் அதே கோர்ட்டில் ஷானன் என்பவர் வழக்கு. 'புத்தி சுவாதீனம் இல்லை' என்று தீர்ப்புச் சொன்னால் ஆள் வீட்டுக்கா போவான், ஆஸ்பத்திரிக்கா போவான் என்பதை மத்திய கோர்ட்டுகளில் ஜூரிக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று தீர்ப்பு. டெக்சாஸில் சட்டமே போட்டு அதைச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கொலைகாரன் தெருவுக்கு வந்துவிடுவான் என்ற பயத்தோடு ஜூரி உள்ளே போகிறது. அந்தப் பயத்தை ஒரே வாக்கியத்தில் போக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கே: அப்படியானால் 'குற்றமில்லை' என்றால் வீட்டுக்குப் போவதில்லையா? (குடும்பத் தலைவி, கும்பகோணம்)

ப: 1981-இல் ஜனாதிபதி ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி மறு ஆண்டே 'குற்றமில்லை'. ஆஸ்பத்திரியை விட்டு நிரந்தரமாக அம்மா வீட்டுக்குப் போனது 2016-இல். கட்டுப்பாடுகள் முழுக்க நீங்கியது 2022-இல்.

அவராவது ஜனாதிபதியைச் சுட்டவர். மைக்கேல் ஜோன்ஸ் என்பவர் 1975-இல் வாஷிங்டன் கடையொன்றில் ஒரு ஜாக்கெட்டைத் திருட முயன்றார். திருடினேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அதிகபட்சம் ஓராண்டு ஜெயில். சித்தம் சரியில்லை என்று ஜெயித்தார். ஓராண்டுக்கு மேலும் அடைத்து வைக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1983-இல் 'தாராளமாக' என்றது. சில வழக்குகளில் தோற்பதே லாபம்.

கே: ஐந்து குழந்தைகளைக் கொன்ற தாய் வழக்கு என்ன ஆயிற்று? (செவிலியர், வேலூர்)

ப: ஹூஸ்டன், 2001. ஆண்ட்ரியா யேட்ஸ், பிரசவத்துக்குப் பிறகு கடுமையான மனநோயில் விழுந்தவர். குழந்தைகளைச் சாத்தானிடமிருந்து காப்பாற்றுவதாக நம்பினார். கொன்ற பின் அவரே போலீஸுக்குப் போன் செய்தார். 'போன் செய்தாரே, அப்படியானால் தப்பென்று தெரியும்' என்றது அரசுத் தரப்பு. 2002-இல் ஜூரி குற்றவாளி என்றது, ஆனால் மரண தண்டனை தர மறுத்தது.

அரசுத் தரப்பு மனநல நிபுணர், இதே மாதிரி குழந்தைகளைக் கொன்ற தாய் விடுதலையாகும் கதை 'லா அண்ட் ஆர்டர்' டிவி தொடரில் வந்தது என்று சாட்சி சொல்லியிருந்தார். அப்படி ஒரு கதை ஒளிபரப்பாகவே இல்லை. 2005-இல் தண்டனை ரத்து, 2006 மறுவிசாரணையில் 'புத்தி சுவாதீனம் இல்லை', பிறகு ஆஸ்பத்திரி. இல்லாத சீரியலைப் பார்த்தவர் நிபுணர். ஆனால் மனநோயாளி அந்தம்மா.

கே: டெக்சாஸில் ஜூரிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்களாமே? (பிளஸ் டூ மாணவன், கரூர்)

ப: ஆமாம் தம்பி, உனக்கு மட்டும்தான் பரீட்சை என்று நினைத்தாயா? வேண்டுமென்றே செய்தானா, இனியும் ஆபத்தானவனா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று எழுதச் சொன்னார்கள். எல்லாம் ஆம் என்றால் மரணம். ஜானி பென்ரி அறிவு வளர்ச்சி குன்றியவர். புத்தி சுவாதீனம் இல்லை என்ற வாதமும் எடுபடவில்லை. அவருடைய குறைபாட்டை ஜூரி எந்தக் கேள்வியில் எழுதும்? கேள்வித்தாளில் இடமே இல்லை. இரக்கம் காட்ட வேண்டிய குறையே 'இனியும் ஆபத்தானவன்' என்பதற்குச் சாட்சியாகிறது. இது இருபுறமும் கூரான கத்தி என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மறுவிசாரணையில் நீதிபதி கண்டுபிடித்த தந்திரம் இன்னும் பிரமாதம். இரக்கம் தோன்றினால், உண்மையில் 'ஆம்' என்றிருக்கும் விடையை 'இல்லை' என்று மாற்றி எழுதிவிடுங்கள் என்றார். சத்தியப் பிரமாணம் செய்துகொண்ட ஜூரியைப் பொய் எழுதச் சொல்லும் கோர்ட்! 2001-இல் மறுபடி ரத்து.

கே: இப்போது அந்தக் கேள்வித்தாள் திருந்திவிட்டதா? (அதே மாணவனின் அப்பா)

ப: இரக்கத்துக்கு ஒரு கேள்வி சேர்த்துவிட்டார்கள். ஆனால் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஆபத்தானவன் என்று எழுதப் பன்னிரண்டு பேரும் வேண்டும். இல்லை என்று எழுதப் பத்துப் பேராவது சேர வேண்டும் என்று வழிகாட்டுரை சொல்லும். ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் மரண தண்டனை கிடையாது, ஆயுள்தான் என்பது சட்டம். அதை ஜூரியிடம் சொல்வதற்கு நீதிபதிக்கும் தடை, வக்கீலுக்கும் தடை. தனியாளாக நிற்பவர் 'என்னால் வழக்கே கெடுகிறதோ' என்று விழிப்பார்.

உங்கள் பையனைச் சட்டம் படிக்க வையுங்கள். கேள்வி நன்றாகக் கேட்கிறான்.

கே: இனிமேல் ஒருவன் கொலை செய்வானா என்று டாக்டரால் சொல்ல முடியுமா? (ஜோதிடர், வைத்தீஸ்வரன்கோவில்)

ப: தொழில் போட்டியா ஐயா? ஜேம்ஸ் கிரிக்சன் என்ற டெக்சாஸ் மனநல மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் சொன்னார். ஒரு வழக்கில் ஆளைப் பரிசோதிக்காமலே, நூறு சதவீதம் மறுபடி கொடுமை செய்வான் என்றார். நீண்டகாலக் கணிப்பில் மூன்றுக்கு இரண்டு தப்பாகும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே எழுதிக் கொடுத்தும், உச்ச நீதிமன்றம் 1983-இல் அவருடைய சாட்சி செல்லும் என்றது.

அவர் ஆபத்தானவர் என்று முத்திரை குத்தியவர்களில் ஒருவர் ராண்டல் டேல் ஆடம்ஸ். அவர் கொலையே செய்யவில்லை என்று தெரிந்து 1989-இல் வெளியே விட்டார்கள். 1995-இல் அந்தச் சங்கம் டாக்டரை நீக்கியது. நீங்கள் ஜாதகமாவது பார்க்கிறீர்கள்.

கே: கோபத்தில் கண நேரம் மட்டும் புத்தி பேதலித்தது என்று சொல்லலாமா? (புது மாப்பிள்ளை, பொள்ளாச்சி)

ப: ஆரம்பமே சரியில்லையே மாப்பிள்ளை! 1859-இல் அமெரிக்க எம்.பி. டேனியல் சிக்கிள்ஸ், தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிலிப் பார்ட்டன் கீயை வெள்ளை மாளிகைக்கு எதிரே நடுத்தெருவில் சுட்டார். தற்காலிகச் சித்தப்பிரமை என்று வாதாடி விடுதலை. செத்தவர் அமெரிக்க தேசிய கீதம் எழுதியவரின் மகன். சுட்டவர் பிற்பாடு உள்நாட்டுப் போரில் ஜெனரல். இழந்த காலை ராணுவ மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, அவ்வப்போது போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவர். இவருக்குத் தற்காலிகம் என்று ஜூரி நம்பியிருக்கிறது.

கே: நம்ம ஊர் நானாவதி மாதிரி? (அதே ஊர், மாமனார்)

ப: மாப்பிள்ளை கேள்வியைப் படித்துவிட்டீர்கள் போல. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற நானாவதி சித்தப்பிரமை வாதம் எடுக்கவில்லை. 1959-இல் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஜூரிக்கு நீதிபதி சொன்ன வழிகாட்டுரையே கோணல் என்பது. ஆயுள் தண்டனை, 1961-இல் உச்ச நீதிமன்றமும் ஆமோதித்தது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி நம் நாட்டில் காலி.

கே: பாகவதரை உள்ளே தள்ளியதும் ஜூரிதானே? (பழைய பாட்டு ரசிகர், மயிலாப்பூர்)

ப: அதேதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, ஒன்பது பேர் ஜூரி, 1945-இல் ஆறுக்கு மூன்று. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலை. அதற்குள் பாகவதரின் சினிமா வாழ்க்கைக்குத் தண்டனை நிறைவேறியிருந்தது.

கே: தண்டனைக்குப் பிறகு ஜெயிலில் புத்தி பேதலித்தால்? (சிறைக் காவலர், கடலூர்)

ப: தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதற்காகச் சாகிறோம் என்று ஆளுக்குப் புரிய வேண்டும். டெக்சாஸில் ஸ்காட் பனெட்டி, கவ்பாய் உடையில் வந்து தனக்குத்தானே வாதாடினார். இயேசு கிறிஸ்துவையும் கென்னடியையும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்க மனுப் போட்டார். அந்த நிலையிலும் ஜூரி அவருக்கு மரண தண்டனை கொடுத்தது. தண்டனைக்கு உகந்த மனநிலை அவருக்கு இல்லை என்று ஒரு மத்திய நீதிபதி 2023-இல்தான் முடிவு செய்தார்.

ஆர்கன்சாவில் சார்ல்ஸ் சிங்கிள்டனுக்கு மாத்திரை கொடுத்தால் தெளிவு வரும், நிறுத்தினால் போய்விடும். கட்டாயமாக மருந்து கொடுத்துத் தெளிய வைத்துக் கொல்லலாமா? 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு ஐந்து என்று 'கொல்லலாம்' என்றது. 2004 ஜனவரியில் கொன்றார்கள். டாக்டர் சீட்டு எழுதும்போது கை நடுங்காதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

கே: இதில் இந்தியா எப்படி? (பேராசிரியர், பாளையங்கோட்டை)

ப: தலை நிமிர்ந்து சொல்ல ஒன்று இருக்கிறது. 2014 ஜனவரியில், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனுவை வருடக்கணக்கில் ஊறப்போட்டது ஒரு காரணம், மனநோய் இன்னொரு காரணம். 2019-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, தண்டனைக்குப் பின் வந்த கடும் மனநோயையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. மாத்திரை கொடுத்துத் தெளிய வைக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை.

கே: அந்தப் பன்னிரண்டு பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால் என்ன தீர்ப்பு சொல்வீர்கள் மாமா? (உண்மையான மருமகன், அம்பத்தூர்)

ப: என்னை உட்காரவே விட மாட்டார்கள் மருமகனே. எந்த வழக்கிலும் மரண தண்டனைக்குக் கை தூக்க மாட்டேன் என்பவரை ஜூரித் தேர்விலேயே கழித்துவிடலாம். அப்படிக் கழித்து எடுத்த ஜூரி 'குற்றவாளி' என்று சொல்லும் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் செல்லும் என்று 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தண்டனையை மட்டுமில்லை, ஆளுக்குப் புத்தி சுவாதீனம் இருந்ததா என்பதையும் அதே ஜூரிதான் முடிவு செய்யும். அப்படித் தேர்வானவர்கள் மனச்சிதைவு நோயாளியின் வாதத்தைக் கழிக்கப்பட்டவர்களைவிடக் குறைவாகவே ஏற்கிறார்கள் என்று 1984-இல் ஓர் ஆய்வு காட்டியது.